குரோம்பேட்டை ஜன்னலில் பார்த்த அறை

வீட்டு அலங்கார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன மாதம் என்னிடம் கேட்டாள், "சார், ஐடியா எல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்து வரும்?" நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இவள் ஏன் கேட்கிறாள், யார் கேட்கச் சொன்னார்கள், எந்த வீட்டு வேலை கையில் இருக்கிறது என்று மனசு நாலு பக்கமும் மோப்பம் பிடிக்கும். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஐடியா தெருவில்தான் இருக்கிறது. பல்லாவரம் சந்தையில் ஒரு கிழவி சாம்பல் பூசணிக்குப் பக்கத்தில் மஞ்சள் கிழங்கைக் குவித்து வைத்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு டாக்டர் வீட்டு ஹாலுக்கு நிறம் முடிவு செய்தேன். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் தினம் ஒரே இடத்தில் விழும் வெயிலைப் பார்த்து ஒரு வீட்டில் அலமாரியை இடம் மாற்றினேன். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அடுத்தவன் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்கும்போது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் நான் கடை போட்டபோது, டெகரேட்டர் என்றால் கல்யாணப் பந்தல் போடுகிறவன் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். "ஷாமியானா வாடகை எவ்ளோ சார்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டுக்குள் எந்தச் சுவருக்கு என்ன நிறம், திரைச்சீலை எந்தத் துணி, விளக்கு எந்த உயரம் என்று யோசித்துச் சொல்வதற்கு ஒரு ஆள் தேவை என்பதே அவர்களுக்கு வேடிக்கை. அப்படிப்பட்ட ஊரில் இந்த வேலையைச் செய்ய என்னைத் தவிர இன்னொருவனும் மேற்குத் தாம்பரத்தில் இருந்தான். அவன் என் வேலையைத் திருடுகிறான் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அத்தாட்சி ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் வேலை செய்யும் வீடுகளில் ஜன்னலுக்கெல்லாம் பழைய செய்தித்தாள் ஒட்டி மறைத்துவிடுவேன். என் பெயின்டர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"இன்னா சார் இது, உள்ள இன்னா பொணமா கீது, இப்டி மூடிகினு வேலை பாக்க சொல்றே? காத்தே இல்லாம பேஜாரா கீது சார்."

நான் பேப்பரை எடுக்கவில்லை. தன்னைப் போல் பிறரை நினை என்பார்களே, நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். தெருவில் நடக்கும்போது திறந்த ஜன்னல் வழியாக ஏதாவது கண்ணில் பட்டால் இரண்டு கோடு இழுத்து வைத்துக்கொள்வேன். அந்த நோட்டை என் மனைவிகூடத் திறந்து பார்த்ததில்லை.

குரோம்பேட்டையில் அந்த அறையைப் பார்த்தது ஒரு மழை நாளில். ஒரு வீட்டுக்கு அளவு எடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சடாரென்று மழை பிடித்துக்கொண்டது. பூட்டியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். விளக்கு வைக்கிற நேரம். எதிர் வீட்டில் பெரிய ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் யாரும் கண்ணில் படவில்லை.

அந்த அறையைப் பார்த்துவிட்டு நான் மழையை மறந்துவிட்டேன். எல்லோர் வீட்டிலும் பிஸ்தா பச்சையும் ரோஸும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த வீட்டில் எதிர்ச் சுவர் புளியங்கொட்டை நிறம். பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கோரைப்பாயை வெட்டி, மரச்சட்டம் அடித்து ஒட்டியிருந்தார்கள். பனையோலைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் பல்பு. குட்டையான ஒரு பெஞ்சு, அதன் மேல் கட்டம் போட்ட லுங்கித் துணியில் தைத்த திண்டுகள். எல்லாம் நாலணா சாமான்கள்தான், ஆனால் அறை ராஜா வீடு மாதிரி இருந்தது. பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது. நின்ற இடத்திலேயே முழுவதையும் நோட்டில் வரைந்துகொண்டேன்.

அடுத்த மாதமே சேலையூரிலிருந்து ஒரு வாத்தியார் என் கடைக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். மனைவி இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் எஸ்தர், கிண்டியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

"பெண் பார்க்க வராங்க தம்பி. மூணு வாரம் இருக்கு. முன் ரூமை மட்டும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க. அம்மா இல்லாத வீடுன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

"எப்படி வேணும் சார்?"

"உங்க இஷ்டம்."

'உங்க இஷ்டம்' என்று சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை. வேலை முடிந்த பிறகுதான் அவர்களுக்கென்று ஒரு இஷ்டம் முளைக்கும். ஆனால் வாத்தியார் உண்மையிலேயே என்னிடம் விட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பையன் தோல் கம்பெனியில் வேலை, பெண் பிடித்துவிட்டால் அடுத்து இவர்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு மிஷன் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்துக் கல்யாணம் என்று அவர் சொன்னதைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டேன். என் மனசு முழுக்க அந்தக் குரோம்பேட்டை அறைதான் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி வாத்தியார் வீட்டு அறையும் அதே நீளம், அதே அகலம்.

அப்படியே வைத்தேன். புளியங்கொட்டைச் சுவர், கோரைப்பாய், ஓலைக்கூடை விளக்கு, பெஞ்சு, திண்டு. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை. ஜன்னல் இருக்கிற சுவரின் உட்பக்கம் தெருவிலிருந்து எப்படித் தெரியும்? அதற்கு வெறும் வெள்ளை அடித்து ஒரு காலண்டரை மாட்டிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்த அன்று எஸ்தர் ஆபீசிலிருந்து வந்து வாசலிலேயே நின்று பார்த்தாள். "இது உங்க ஐடியாவா அண்ணா?"

"பின்னே? மெட்ராஸ் பூரா தேடினாலும் இப்படி ஒரு ரூம் கிடைக்காது."

"நல்லா இருக்கு. ஆனா யாரோ ஏற்கெனவே வாழ்ந்துட்டு இருக்கிற ரூம் மாதிரி இருக்கு."

சுருக்கென்று இருந்தது. கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திண்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். நான் கடை அடைக்கிற நேரத்துக்கு வாத்தியார் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாப்பிள்ளையோட அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாங்க தம்பி. சுத்திப் பார்த்தாங்க. காபி டம்ளரை அப்படியே கீழே வெச்சிட்டாங்க. 'இது எங்க வீட்டு ரூம். அச்சு அசலா எங்க வீட்டு ரூம். என் மகன் கையால பண்ணினது. உங்க மகளுக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. போன மாசம் அவங்க ஒரு மாசம் ஊருக்குப் போயிருந்தாங்களாம், பையன் மட்டும்தான் வீட்டுல இருந்தானாம். 'நான் இல்லாதப்போ இவ வந்து போயிருக்கா, பார்த்ததை இங்கே பண்ணி வெச்சிருக்கா'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க."

நான் முதலில் என்ன நினைத்தேன் என்பதைக் கேளுங்கள். என் ஐடியாவை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன்! திருடிய பொருள் ஒரு மாசம் கையில் இருந்தால் சொந்தப் பொருள் ஆகிவிடும் போலிருக்கிறது. மேற்குத் தாம்பரத்துக்காரன் ஜன்னல் பேப்பரைக் கிழித்துப் பார்த்து, அந்தப் பையன் வீட்டில் இதே மாதிரி செய்துவிட்டான் என்று பல்லைக் கடித்தேன். அது பொருந்தவில்லை என்றதும் அடுத்த சந்தேகம் எஸ்தர் மேல் போயிற்று. யாரோ வாழ்கிற அறை மாதிரி இருக்கிறது என்று அவள்தானே சொன்னாள்? பார்க்காமலா சொல்லியிருப்பாள்? தாயில்லாத பெண், தினம் தனியாக ரயிலில் போய் வருகிறாள், போயிருப்பாள் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"எஸ்தர்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். 'நீ போனியாம்மா'ன்னு கேட்டேன். என்னையே பார்த்தா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா."

"அவங்க வீடு எங்கே சார்?"

"குரோம்பேட்டைதான் தம்பி. ஸ்டேஷன்லேருந்து வந்தா மூணாவது தெரு. பெரிய ஜன்னல் வெச்ச வீடு, எதிர்ல ஒரு பூட்டின கடைன்னு அடையாளம் சொல்லியிருந்தாங்க."

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த நொடியில் நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'சார், அதை நான்தான் பார்த்து வரைந்தேன்.' வாத்தியார் அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் மகளின் கதவைத் தட்டியிருப்பார்.

நான் சொல்லவில்லை. திருடனைத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? சாயங்கால வேளையில் தெருவில் நின்று ஜன்னல் வழியாக வீட்டுக்குள் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கினால், அப்புறம் எந்த வீட்டில் என்னை நடுக்கூடம் வரை விடுவார்கள்? அதுவும் போக, மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஐடியா என்று பீற்றிக்கொண்டவன் நான். "பதறாதீங்க சார், யோசிக்கலாம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ஆராதனை முடிந்து எல்லோரும் என் கடையைத் தாண்டித்தான் போவார்கள். இரண்டு பெண்கள் திரைச்சீலைத் துணி பார்க்கிற சாக்கில் உள்ளே வந்தார்கள். துணியை அவர்கள் தொடக்கூட இல்லை.

"வாத்தியார் வீட்டு ரூம் நீங்க பண்ணதுதானே? எஸ்தர்தான் ஒவ்வொண்ணும் பக்கத்துல நின்னு சொன்னாளாமே, இங்கே இது வைங்க, அங்கே அது வைங்கன்னு?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் பேசிக்கிறாங்க."

அவர்களுக்குப் பின்னால் தெருவில் எஸ்தர் போனாள். அப்பா முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், அவள் பத்தடி தள்ளி வந்தாள். வழக்கமாகக் கூடவே வரும் தோழிகள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அவள் தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

குரோம்பேட்டை வீட்டில் கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா. மெலிந்த உடம்பு, கூர்மையான கண். என்னை விடப் பெரிய சந்தேகப் பிராணி என்று பார்த்தவுடன் தெரிந்தது. வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னேன். மழையில் ஒதுங்கினது, ஜன்னல் வழியாகப் பார்த்தது, வரைந்தது, அதை வாத்தியார் வீட்டில் வைத்தது எல்லாம். இந்த வீடுதான் அது என்று இன்று காலைதான் தெரிந்தது என்று ஒரு பொய்யையும் நடுவில் செருகினேன்.

"வாத்தியார் சொல்லிக்கொடுத்து அனுப்பினாரா?" என்றார்.

"இல்லைங்கம்மா. அவருக்கு நான் வந்ததே தெரியாது."

நோட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். "இதை நேத்து ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சிருக்கலாமே? உனக்கும் அந்த வீட்டுல வேலை ஆகணும், அந்தாளுக்கும் மக கல்யாணம் ஆகணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். உள்ளேயிருந்து அவர் மகன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், சாதுவான முகம். "உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கம்மா" என்றான்.

முதல் முறையாக அந்த அறைக்குள் காலை வைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். வாயைப் பிளந்துவிட்டேன். ஜன்னல் சுவரில், ஜன்னலைச் சுற்றித் தரையிலிருந்து கூரை வரைக்கும் புத்தக அலமாரி. பழைய பாக்கிங் பெட்டிப் பலகைகளை இழைத்து, ஒவ்வொரு தட்டு விளிம்பிலும் தோல் துண்டு ஒட்டி, அத்தனை அழகாகச் செய்திருந்தான். அந்த அறையிலேயே பெரிய விஷயம் அதுதான். பெஞ்சில் உட்காருகிற யார் கண்ணுக்கும் முதலில் படுவது அதுதான்.

"அம்மா, இதை நான் இப்பத்தான் பார்க்கிறேன். தெருவில நின்னா இந்தச் சுவர் தெரியாது. வாத்தியார் வீட்டுல இந்தச் சுவர்ல என்ன இருந்ததுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அவர் கண்ணை மூடவில்லை, யோசிக்கவும் இல்லை. சந்தேகக்காரர்கள் ஒரு தடவை பார்த்ததை மறக்க மாட்டார்கள்.

"ஒண்ணும் இல்லை. வெள்ளைச் சுவர். ஒரு காலண்டர் தொங்கிச்சு."

"உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்த பொண்ணு, சொல்லி வெச்சுச் செய்ய வைக்கிறவ, இதை விட்டுட்டா மத்ததைச் செய்யச் சொல்லியிருப்பா?"

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பிறகு என் நோட்டை வாங்கி மறுபடி பார்த்தார். மூன்று சுவர்தான் இருந்தது. "அந்தப் பிள்ளையை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே" என்று சொல்லி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் சேலையூருக்குப் போனோம். வாத்தியார் வீட்டு முன்னறையில், நான் காப்பியடித்த அதே சுவர்களுக்கு நடுவில், எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இங்கேயும் இன்று காலைதான் தெரிந்தது என்றே சொன்னேன். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டக்கூட இல்லை. மாப்பிள்ளையின் அம்மா எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சிட்டேம்மா. மனசுல வெச்சுக்காதே. வர்ற ஞாயிறே ஓலை வாசிக்கக் கொடுத்திடலாம்."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். எஸ்தர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லை ஆன்ட்டி. உங்களுக்கு என்னைத் தெரியாது. இந்த ரூமைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்."

வாத்தியார், "அப்புறம் என்னம்மா?" என்றார்.

அவள் அந்தப் பையன் பக்கம் திரும்பினாள். முதல் தடவையாக அவனோடு பேசினாள் என்று நினைக்கிறேன்.

"அம்மா ஊருக்குப் போனப்போ வீட்டுல நீங்க மட்டும்தான் இருந்தீங்க. நான் வரலைன்னு உங்களுக்குத் தெரியும். நேத்து இதே பெஞ்சுல உட்கார்ந்திருந்தீங்க. அம்மா கேட்டப்போ நீங்க ஏன் பேசலை?"

அவன் முகம் கறுத்துவிட்டது. "அம்மா ரொம்பக் கோபமா இருந்தாங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு... வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவங்க நம்பலை."

"வீட்டுக்குப் போய்ச் சொன்னீங்க. இங்கே நான் நின்னுட்டிருந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "வேண்டாம்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு மறுபடி அவனைப் பார்த்தாள்.

"தெரியாதவங்க சந்தேகப்பட்டா பொறுத்துக்கலாம். தெரிஞ்சவர் ஒருத்தர், ராத்திரி பூரா எங்ககிட்ட வாயைத் திறக்காம இருந்துட்டு, மறுநாள் வந்து நல்லவரா உட்காருவார்னா, அவர்கூட நான் எப்படி இருப்பேன்?"

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனிடம்தான் கேட்டாள். அவள் சொன்ன ராத்திரி என்னுடையதும்தான் என்பது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. இன்றைக்கு உங்களிடம்தான் முதல் முறையாகச் சொல்கிறேன். நானும் அவன் பக்கத்தில், அதே பெஞ்சில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.